இரைச்சலுள் ஓர் ஒழுங்கு

ஒழுங்கான அதிர்வு இசை, ஒழுங்கற்ற அதிர்வு இரைச்சல் என்று பௌதிக வகுப்பிலே நாம் படித்திருக்கிறோம். இவ்விலக்கணம் எவ்வளவு தூரம் செல்லும் என்று சோதித்துப் பார்க்க விரும்புவோர்க்கு மேனாட்டு இசையின் ஒரு கிளையை நான் எடுத்துக் காட்டுவேன். அதன் பெயர் 'த்ராஷ் மெற்றல்'. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலே, சிறப்பாகக் கலிபோர்னியாவிலே தழைத்த இசை அது. மெற்றாலிக்கா, ஸ்லேயர், மெகாடெத், அந்திராக்ஸ் என்னும் நான்கு குழுக்களை அதன் தூண்கள் என்பர். மின்சாரக் கிற்றார்களின் கரகரப்பும் மூச்சுவிட இடந்தராத வேகமும் சேர்ந்து வருகையில், முதன்முறை கேட்பவர் செவியைப் பொத்திக்கொள்வது இயல்பே.

அவ்விசையை எல்லாரும் விரும்பவேண்டும் என்று வாதிடுவது என் நோக்கமன்று. அக்குழுவின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் முரசுக் கலைஞன் ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்ய ஒலிப்பதிவுக் கூடத்துட் புகும்பொழுது எவற்றைக் கொண்டு செல்கிறான், ஏன் கொண்டு செல்கிறான் என்பதையே இங்கு ஆராய விரும்புகிறேன். இரைச்சலையும் இசையையும் பிரிக்கும் கோடு அவனுடைய கருவிகளிலேதான் கீறப்படுகிறது.

மேனாட்டு முரசுத் தொகுதி பல வாத்தியங்கள் கூடிய ஒரு குடும்பம். காலால் மிதித்து முழக்கும் பெருமுரசு, பெரும்பாலும் 22 அல்லது 24 அங்குல விட்டமுடையது. முழங்கால்களுக்கிடையே 14 அங்குல விட்டமுள்ள 'ஸ்னெயர்' நிற்கும். அதன் அடித்தோலிற் படிந்து கிடக்கும் கம்பிச் சுருள்களே அதற்குச் சடசடவென்ற குரலைத் தருவன. அளவில் வேறுபடும் 'டொம்' முரசுகள் ஒரு வரிசை. இவற்றுக்கு மேலே வெண்கலத் தட்டுகள். மிதிகட்டையால் இயங்கும் ஒரு சோடித் தட்டுகளும் உண்டு. அவை நம் தாளத்தின் பெரிய உறவினர் எனலாம்.

இத்தொகுதியின் வரலாறு மிதிகட்டையின் வரலாறே. 1909இல் சிக்காகோவில் லட்விக் சகோதரர் விரைவான மிதிகட்டை ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கினர். ஒருவனே கையாலும் காலாலும் பல முரசுகளை ஆளுதல் அதனால் எளிதாயிற்று. ஜாஸ் கலைஞர் லூயி பெல்சன், மாணவப் பருவத்திலேயே, ஒரு பெருமுரசு போதாது, இரு கால்களுக்கும் இரண்டு வேண்டும் என்று படம் வரைந்தார். மூன்றாவது மாற்றம் தோலிலே நிகழ்ந்தது. மழைக்காலத்திலே தளர்ந்தும் வெயிலிலே இறுகியும் வாதித்த கன்றுத்தோலின் இடத்தை 1950களின் பிற்பகுதியிலே பொலியெஸ்தர் தோல் பிடித்தது. அதனைப் பரப்பியோருள் 1957இல் தொழிலகம் நிறுவிய ரெமோ பெல்லி முதன்மையானவர். இம்மூன்றும் வாய்த்திராவிடின் த்ராஷ் இசை பிறந்தே இராது என்பது என் கருத்து.

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 200 எண்ணிக்கை வேகத்திற் செல்லும் பாடலிலே, ஓர் எண்ணிக்கைக்கு நான்கு அடிகளாக இரு கால்களும் மாறிமாறி மிதிக்கின்றன என்று கொள்வோம். நிமிடத்துக்கு 800 அடிகள். செக்கனுக்குப் பதின்மூன்றுக்கு மேல். ஓரடிக்கும் மறு அடிக்கும் இடையே உள்ள காலம் செக்கனின் ஆயிரத்தில் 75 பங்கு மாத்திரமே. ஓசை ஒரு செக்கன் நேரம் எதிரொலித்து நிற்கும் மண்டபத்திலே இவ்வாறு வாசித்தால், ஒன்றன்மேல் ஒன்றாகப் பதின்மூன்று அடிகள் குவிந்து கிடக்கும். கலைஞனின் கால்கள் எவ்வளவு திருத்தமாக இயங்கினும், கேட்பவர் காதில் விழுவது தூரத்து இடியின் உறுமலே.

ஆகவே, த்ராஷ் முரசுக் கலைஞன் தன் கருவிகளைத் தெரிவு செய்யும்பொழுது, 'ஓசையை எவ்வாறு பெருக்குவது?' என்று கேட்பதில்லை; 'எவ்வாறு குறுக்குவது?' என்றே கேட்கிறான். பெருமுரசின் வயிற்றுக்குள்ளே போர்வையையோ தலையணையையோ திணித்து, நீண்ட நாதத்தை அடக்குகிறான். மிதிகட்டையின் முனையிலுள்ள மென்மையான கம்பளித் தலையை நீக்கி, மரத்தாலோ பிளாஸ்ரிக்காலோ ஆன தலையைப் பூட்டுகிறான். அடியின் முதற் கணத்திலே 'டிக்' என்ற கூர்மையான ஒலி எழுகிறது. அக்கூர்மையே அடிகளைத் தனித்தனியாகக் காதுக்கு எண்ணித் தருவது. இந்த நுட்பம் நமக்கும் புதிதன்று. தவில் வித்துவான் வலக்கை விரல்களிலே கடினமான கூடுகளை அணிவதும் இதே காரணம் பற்றியன்றோ? துரித கதியிலே சொற்கள் கலங்காதிருக்க வேண்டுமாயின் தோலிற் படும் பொருள் கடினமாக இருக்கவேண்டும்.

வெண்கலத் தட்டுகளோ வேறு வகையிலே தொல்லை தருவன. முரசின் ஒலியை அடக்கலாம்; தட்டின் ஒலி அறையெங்கும் பரந்து, ஒவ்வொரு முரசுக்கும் அருகே வைத்த ஒலிவாங்கியினுள்ளும் புகுந்துவிடும். ஸ்லேயர் குழுவினர் 1983இல் வெளியிட்ட 'ஷோ நோ மேர்சி' என்ற முதல் இசைத்தட்டுக்கு ஒரு வினோதமான வழியைக் கையாண்டனர். முரசுக் கலைஞர் டேவ் லொம்பார்டோ தட்டுகளைத் தொடாமலே முரசுகளை மட்டும் வாசித்தார். தட்டுகள் பின்னர் தனியே பதிவாகி மேலே சேர்க்கப்பட்டன. கையிருக்க, அது பழகிய தட்டு இல்லாமல் வாசிப்பது எத்தகைய சங்கடம் என்பதை வாத்தியம் பயின்றோர் அறிவர்.

அதே லொம்பார்டோவின் பெயரை நிலைநிறுத்தியது 1986 ஒக்டோபரில் வெளிவந்த 'றெயின் இன் பிளட்'. கியூபாவின் ஹவானாவிற் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்த அவருக்கு அப்பொழுது வயது இருபத்தொன்று. பத்துப் பாடல்கள், முழுவதும் 29 நிமிடங்களுக்குட் பட்டது. தயாரிப்பாளர் றிக் றூபின் அதுவரை 'ஹிப் ஹொப்' இசையிலே பெயர் பெற்றவர். ஒலிப்பதிவுப் பொறியியலாளர் அன்டி வொலஸ். முந்திய பதிவுகளிலே இக்குழுவின் ஒலியைச் சூழ்ந்திருந்த எதிரொலிப் போர்வையை அவர்கள் உரித்தெறிந்தனர். ஒவ்வோர் அடியும் கேட்பவரின் முகத்துக்கு நேரே, உலர்ந்த சுள்ளி முறிவது போலக் கேட்கிறது.

அத்தட்டின் முதற் பாடலான 'ஏஞ்சல் ஒவ் டெத்', நாசி வதைமுகாமிலே கொடுமை புரிந்த வைத்தியன் மெங்கலேயைப் பற்றியது. அதன் காரணமாகக் கொலம்பியா நிறுவனம் தட்டை விநியோகிக்க மறுக்க, ஜெஃபன் நிறுவனம் அப்பொறுப்பை ஏற்றது. அவ்விவாதம் தனியே எழுதத்தக்கது. நமக்கு வேண்டியது பாடலின் பிற்பகுதியில் வரும் சில கணங்கள். கிற்றார்கள் திடீரென நிற்கின்றன; குரல் இல்லை; இரு பெருமுரசுகள் மட்டும் தனித்து ஓடுகின்றன. போர்வை, கடினத் தலை, எதிரொலி நீக்கம் ஆகிய எல்லாவற்றின் பயனும் அங்கே வெளிப்படுகிறது. மறைந்துகொள்ள அங்கு இடமேயில்லை. ஓர் அடி பிந்தினாலும் உலகம் அறிந்துவிடும். அக்கணங்களை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இரைச்சலின் நடுவிலே இப்படியொரு நிர்வாணமான ஒழுங்கு இருக்கக்கூடும் என்பது ஒவ்வொரு முறையும் என்னை வியக்க வைக்கிறது.

இன்று நிலைமை வேறு. முரசின் விளிம்பிலே ஒரு சிறு உணர்கருவியைப் பொருத்துகிறார்கள். கால் மிதித்தவுடன் அது கணினிக்குச் செய்தி அனுப்ப, முன்னரே பதிந்து வைத்த ஒரு செம்மையான அடியொலி அவ்விடத்தில் வந்து அமர்கிறது. பிந்திய அடியை முன்தள்ளவும் முந்திய அடியைப் பின்னிழுக்கவும் கணினித் திரையிலே வசதியுண்டு. மெலிந்த அடி, வலிந்த அடி என்ற பேதமும் நீங்கிவிடலாம். எல்லா அடிகளும் ஒரே அச்சில் வார்த்த செங்கற்கள் போல நிற்கும்.

இதனை முற்றாகக் கண்டிப்பது நியாயமன்று. அதிவேகப் பாடல்களிலே தெளிவை நாடியே இவ்வழி வந்தது. போர்வை திணித்த காலத்தின் தேவையே இன்று உணர்கருவியாக உருவெடுத்திருக்கிறது. ஆயினும் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. போர்வையும் மரத்தலையும் கலைஞன் செய்ததை ஒளிவுமறைவின்றிக் காட்டின. அவன் தவறினால் தவறும் தெளிவாகவே கேட்டது. திருத்தும் கணினியோ அவன் செய்யாததையும் செய்ததாகக் காட்டவல்லது. முன்னையது விளக்கு, பின்னையது ஒப்பனை. விளக்கை விரும்புவோர்க்கு மட்டுமே பயிற்சி தேவைப்படும்.

மாணவர்க்கு இதில் ஒரு செய்தி உண்டு என நம்புகிறேன். மொழியிலாயினும் இசையிலாயினும் வேகம் என்பது விரைந்து செல்லுதல் மட்டுமன்று. விரைந்து செல்கையிலும் ஒவ்வோர் அலகையும் பிறிதொன்றோடு கலவாமல் வைத்திருத்தலாகும். ஒரு சொல்லை மற்றொரு சொல் விழுங்காதிருப்பதே நல்ல உரை. ஓர் அடியை மற்றோர் அடி விழுங்காதிருப்பதே நல்ல முழவு. அதற்கு உதவும் கருவி எதுவாயினும் வரவேற்போம். ஆனால் அடிப்பவன் மனிதன் என்பதை நாம் கேட்டறியும்படி அது ஒரு சிறு இடைவெளியை விட்டுவைக்கட்டும். அந்த இடைவெளி செக்கனின் ஆயிரத்தில் 75 பங்காக இருந்தாலும் போதும்.