அரிசிப் பானைக்குள் ஒரு வேதியியல்

கோடை வந்தால் நத்தம் பக்கம் செந்தூரம், பாலாமணி, கல்லாமை என்று மாங்காய் குவிந்துவிடும். அந்த ஊர்ப் பிள்ளை, 'எத்திலீன் காய்களைப் பழுக்க வைக்கும்' என்ற வரியைப் பரீட்சைக்காக உருப்போட்டுவிட்டு, அரிசிப் பானைக்குள் கைவிட்டு மாங்காய் இளகியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்கும். பாடத்தைப் பானையிலிருந்தே தொடங்கியிருக்கலாம்.

விளைந்த மாங்காய் தானாகவே எத்திலீன் வாயுவை விடுகிறது. திறந்த கூடையில் அது காற்றோடு போய்விடும். அரிசியிலோ வைக்கோலிலோ புதைத்தால் காயைச் சுற்றியே தங்கும். தங்கிய வாயு, இன்னும் எத்திலீன் சுரக்கும்படி காயைத் தூண்டும். ஒன்று பழுத்தால் பக்கத்தில் கிடப்பவையும் மளமளவென்று பழுப்பது இதனால்தான்.

வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போடுவதும் இதே வித்தைதான். புகையில் எத்திலீன் உண்டு. கலிபோர்னியாவிலும் முன்பு மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் அறைகளில் எலுமிச்சையை மஞ்சளாக்கி வந்தார்கள். சூடுதான் காரணம் என்று நம்பி, புகையில்லாத சூட்டுக்கு மாறியபோது காய் பச்சையாகவே கிடந்தது. புகையிலிருந்த எத்திலீன்தான் நிறத்தை மாற்றியது என்று பிராங்க் டென்னி 1924இல் காட்டினார். பழமே அந்த வாயுவை உண்டாக்குகிறது என்பதை ரிச்சர்ட் கேன் 1934இல் நிறுவினார். நம் பாட்டிமார் காரணம் கேட்கவில்லை, பழம்தான் கேட்டார்கள்.

கார்பைடு கல் வைப்பவர்களுக்கும் இந்த வேதியியல் அரைகுறையாகத் தெரியும். ஈரம் பட்டதும் அந்தக் கல் அசிட்டிலீன் வாயுவை விடும். எத்திலீனின் உறவுக்காரன், காயை ஏமாற்றிவிடும். ஆனால் கல்லோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் வரும். அதனால்தான் கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பதற்குத் தடை. தோல் மட்டும் மஞ்சளாகி உள்ளே புளிக்கும் பழத்தை நாம் எல்லோரும் தின்றிருக்கிறோம்.

உள்ளே நடந்ததைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம், மருந்துக்கடை டிஞ்சர் அயோடின் போதும். விளைந்த காயின் துண்டில் ஒரு சொட்டு விட்டால் கருநீலம் பரவும், அது மாவுச்சத்து. நன்றாகப் பழுத்த துண்டில் அயோடினின் பழுப்பு நிறம் அப்படியே நிற்கும், மாவு சர்க்கரையாகிவிட்டது. (சொட்டு விட்ட துண்டை வாயில் போட்டுவிடக் கூடாது.)

மாவே சேராத இளங்காயைப் பறித்துவிட்டால் எத்திலீனாலும் இனிப்பாக்க முடியாது. அதைக் கண்டுபிடிக்க வாளித் தண்ணீர் போதும்: விளைந்த காய் பெரும்பாலும் மூழ்கும், இளங்காய் மிதக்கும். அடர்த்திப் பாடத்தை அந்த வாளியிலேயே நடத்திவிடலாம்.