குதிகாலில் தையல் இல்லை

பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் சாக்ஸ் ஒன்றை எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக்கொள்வோம். குதிகாலின் இரண்டு பக்கமும் ஒரு சாய்ந்த கோடு தெரியும். கணுக்கால் எலும்புக்குக் கீழே கிளம்பி, பின்பக்கமாகக் குதிகாலின் முனையை நோக்கி ஓடும். யாரிடம் காட்டிக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: குதிகாலுக்குத் தனியாக ஒரு துண்டு வெட்டி, இந்த இடத்தில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். வெள்ளை சாக்ஸில் குதிகால் மட்டும் சாம்பல் நிறமாக இருந்துவிட்டால், சந்தேகமே வேண்டாம் என்பார்கள்.

ஆனால் அந்த இடத்தில் கத்தரியும் படவில்லை, தையல் மெஷினும் படவில்லை. மேலே காலைப் பின்னிய அதே மெஷின், அதே ஊசிகளைக் கொண்டு, சாக்ஸைக் கழற்றாமலே குதிகாலையும் பின்னி முடித்திருக்கிறது. நிறம் மாறியது நூலை மாற்றியதால். அப்படியானால் அந்தக் கோடு என்ன? அதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் போக வேண்டும். டீ ஆறினாலும் பரவாயில்லை, மெதுவாகவே போவோம்.

முதலில் துணி. வேட்டி என்பது நெய்த துணி. நீளவாக்கில் பாவு, குறுக்கே ஊடை. பனியன் அப்படியல்ல, அது பின்னிய துணி. அதில் நூல் வரிசை வரிசையாகக் கண்ணி போட்டுக்கொண்டே போகிறது. இந்த வரிசையின் ஒவ்வொரு கண்ணியும் போன வரிசையின் ஒரு கண்ணிக்குள் நுழைந்து வெளியே வந்திருக்கிறது. அதனால்தான் பனியன் இழுத்தால் நீள்கிறது, விட்டால் பழையபடி ஆகிறது. அதே காரணத்தால்தான் நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அதை நம்பியிருந்த அடுத்த கண்ணி, அதை நம்பியிருந்த அதற்கடுத்தது என்று வரிசையாக அவிழ்ந்துகொண்டு போகிறது. பின்னிய துணியில் கத்தரி வைப்பது யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

இந்தக் கத்தரிக்காக இங்கிலாந்தில் ஒரு கலகமே நடந்தது. 1811-ல் நாட்டிங்காம் வட்டாரத்தில் பின்னல் தறிகளை இரவோடிரவாக உடைத்தார்கள் அல்லவா, அந்த லட்டைட்கள். எந்திரத்தையே வெறுத்த ஆட்கள் என்று இன்று அவர்களைப் பற்றிப் பேசுகிறோம். அது சரியல்ல, அவர்கள் தலைமுறை தலைமுறையாக எந்திரத்தில் பின்னிப் பிழைத்தவர்கள். கூலிக் குறைப்பு ஒரு குறை. இன்னொன்று, வியாபாரிகள் அகலமான தறியில் துணியாகப் பின்னி, அதைக் காலுறை வடிவில் வெட்டித் தைத்து மலிவாக விற்றது. அது சீக்கிரம் பிரிந்துபோகும். கெட்ட பெயர் ஒழுங்காகப் பின்னுகிறவனுக்கும் சேர்த்து வரும். அரசாங்கம் 1812-ல் தறி உடைப்பவர்களுக்குத் தூக்குத் தண்டனை என்று சட்டம் கொண்டுவந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசியும் பலனில்லை.

வெட்டாமல் வடிவம் கொண்டுவர அவர்களுக்கு வழி தெரிந்திருந்தது. நாட்டிங்காமுக்குப் பக்கத்தில் கால்வர்ட்டன் என்ற ஊர்க்காரர் வில்லியம் லீ 1589-ல் செய்த தறியிலேயே அது உண்டு. (காதலி எந்நேரமும் காலுறை பின்னிக்கொண்டே இருந்ததால் பொறாமையில் தறியைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். சுவையான கதை, ஆதாரம்தான் கிடையாது.) லீயின் தறியில் ஊசிகள் ஒரே நேர்வரிசையில் நிற்கும், துணி தட்டையாக வரும். கெண்டைக்கால் முடிந்து கணுக்காலை நோக்கிக் குறுக வேண்டிய இடம் வந்ததும், ஓரத்துக் கண்ணிகளைச் சற்றே உள்பக்கமாக நகர்த்தி அடுத்த ஊசிகளில் மாட்டிவிடுவார்கள். ஓரத்து ஊசி காலியாகிவிடும். அடுத்த வரிசையில் ஒரு கண்ணி குறைவு. இப்படியே குறைத்துக்கொண்டு போனால், கால் எப்படி இருக்கிறதோ அந்த வடிவிலேயே ஒரு தட்டைத் துணி வந்துவிடும். ஓரங்கள் முழுசாக இருப்பதால் எதுவும் பிரியாது.

இந்தக் கைவேலையைப் பின்னாளில் மெஷினே செய்யும்படி ஆக்கியவர் லஃப்பரோவைச் சேர்ந்த வில்லியம் காட்டன். ஒரே சமயத்தில் பல காலுறைகளைப் பின்னும் அந்த மெஷினுக்கு அவர் 1864-ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் லீக்கு இருந்த குறை காட்டனுக்கும் இருந்தது. தட்டைத் துணியைக் காலாக்க வேண்டுமானால் இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்தாக வேண்டும். பழைய ஆங்கிலப் படங்களில் பெண்களின் காலுக்குப் பின்னால் மேலிருந்து கீழே ஒரு கருங்கோடு ஓடுவதைப் பார்த்திருப்போமே, அது இந்தத் தையல்தான்.

தையல் வேண்டாமென்றால் ஊசிகளை வட்டமாக நிறுத்த வேண்டும். லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் வெட்டிய மார்க் பிரூனல் 1816-லேயே வட்டப் பின்னல் மெஷின் ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். அது நன்றாக ஓட, லெஸ்டர்காரரான மாத்யூ டவுன்சென்ட் 1840-களின் கடைசியில் கொண்டுவந்த ஊசி உதவியது. முனையில் கொக்கி, கொக்கிக்குக் கீழே ஆணியில் ஆடும் சின்ன நாக்கு. ஊசி மேலே போய் நூலைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது, பழைய கண்ணியே அந்த நாக்கைத் தள்ளிக் கொக்கியை மூடிவிடும். புது நூல் பழைய கண்ணிக்குள்ளே புகுந்து வந்துவிடும். இன்று திருப்பூரில் ஓடும் வட்ட மெஷின்களிலும் இந்த நாக்கு ஊசிதான். கை வைக்காத பனியன் பலவற்றுக்கு விலாவில் தையல் இல்லாததற்குக் காரணமும் வட்ட மெஷின்தான். உடம்பு அளவுக்குத் தகுந்த விட்டமுள்ள மெஷினில் குழாயாகவே பின்னி எடுத்துவிடுகிறார்கள்.

தையல் போயிற்று, ஆனால் வேறொரு சிக்கல் வந்தது. லீயின் தறியில் கண்ணியைக் குறைத்தது ஓரத்தில். வட்டத்தில் ஓரம் என்று ஒன்று கிடையாதே! எந்த ஊசியைக் காலியாக்கினாலும் அதற்கு இரண்டு பக்கமும் ஊசிகள் பின்னிக்கொண்டுதான் இருக்கும். காலி ஊசி நின்ற இடத்தில் இடைவெளி விழும். ஆண்கள் சாக்ஸ் பின்னும் மெஷினில் மூன்றே முக்கால் அங்குல விட்டமுள்ள சிலிண்டரும் அதைச் சுற்றி 168 ஊசிகளும் இருப்பது சாதாரணம். கெண்டைக்காலில் 168 கண்ணி என்றால் கணுக்காலிலும் 168. கால் குறுகுகிற இடத்தில் மெஷின் கண்ணியைக் குறைத்திருக்கும் என்று நாம் நினைப்போம். எண்ணிப் பார்த்தால் ஒன்றுகூடக் குறைந்திருக்காது.

அப்புறம் எப்படிக் குறுகுகிறது? கண்ணியின் அளவு மாறுகிறது. ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு நூலை இழுத்துக்கொள்ளும். கெண்டைக்காலில் ஆழமாக இறக்கினால் தளர்ந்த பெரிய கண்ணி, கணுக்காலில் மேலோட்டமாக இறக்கினால் இறுக்கமான சின்னக் கண்ணி. இது ஓரளவுக்குத்தான் உதவும். ரொம்பத் தளர்த்தினால் வலைபோல் ஆகிவிடும், ரொம்ப இறுக்கினால் துணி விறைத்துக்கொள்ளும். 1958-ல் ஸ்பாண்டெக்ஸ் இழை கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, மிச்ச வேலையை ரப்பர்போல் இழுபடும் அந்த இழை பார்த்துக்கொள்கிறது.

குதிகாலுக்கு இந்தத் தந்திரம் போதாது. கால் இறங்கி வந்து அங்கே செங்கோணமாகத் திரும்புகிறது. எலும்பு பின்பக்கம் புடைத்து நிற்கிறது. அதற்கு ஒரு பை வேண்டும், அதையும் குழாயிலிருந்தே எடுக்க வேண்டும்.

அது வரை சிலிண்டர் ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. குதிகால் வந்ததும், புறங்காலுக்கான 84 ஊசிகளும் மேலே தூக்கி நிறுத்தப்படுகின்றன. அவற்றின் கண்ணிகள் ஊசியிலேயே இருக்கின்றன, அவிழவில்லை, வேலைதான் நிறுத்தம். பின்பாதியின் 84 ஊசிகள் மட்டும் பின்னுகின்றன. பாதி வட்டத்தில் சுற்ற முடியாது. ஆகவே சிலிண்டர் இந்தப் பக்கம் போய், திரும்பி, அந்தப் பக்கம் வருகிறது. பாதி வட்டத்துக்கு ஓரம் கிடைத்துவிட்டதைக் கவனித்தீர்களா? லீயின் தறிக்கு இருந்த வசதி வட்ட மெஷினுக்கும் கொஞ்ச நேரத்துக்குக் கிடைக்கிறது.

ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பிக்கர் என்ற சின்ன இரும்பு நெம்பி, ஓரத்து ஊசி ஒன்றைத் தூக்கி நிறுத்தும். 84 என்பது 83, 82 என்று குறைந்துகொண்டே வந்து, சுமார் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்போது இறக்கும் பிக்கர் வேலைக்கு வரும். இனி ஊசிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வேண்டும். ஆனால் தூக்கும் பிக்கரை யாரும் நிறுத்துவதில்லை, அது தன்பாட்டுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டேதான் இருக்கும். அதனால் இறக்கும் பிக்கர் ஒரு முறைக்கு இரண்டிரண்டாக இறக்கும். இரண்டில் ஒன்று போனால் மிச்சம் ஒன்று, கணக்கு சரி. இந்த மெஷினில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். இன்றைய கணினி மெஷின்களில் ஒவ்வொரு ஊசிக்கும் தனி உத்தரவு போகிறது. பிக்கர் வைத்த பழைய மெஷின் இரும்பாலேயே கழித்தல் கணக்குப் போட்டது.

இப்போது குதிகால் துணியை மட்டும் தனியாக விரித்து வைத்ததாக நினைத்துக்கொள்வோம். மேலே அகலம், நடுவில் இடுப்புபோல் குறுகல், கீழே மறுபடி அகலம்: உடுக்கை வடிவம். ஒரு தாளை அப்படி வெட்டிக்கொண்டு, உடுக்கையின் இடுப்பில் மடித்து, மேலும் கீழும் ஒன்றன்மேல் ஒன்று வந்த சாய்ந்த ஓரங்களை ஒட்டிப் பாருங்கள். தட்டையாக இருந்த தாள் ஒரு பை ஆகிவிடும். மெஷினில் அந்த ஓரங்களை ஒட்டுவது யார்? காத்திருந்த ஊசிதான். குறுகும்போது நிறுத்தப்பட்ட ஊசி தன் பழைய கண்ணியை விடாமல் வைத்துக்கொண்டு நிற்கிறது. விரியும்போது இறங்கி வந்து, அந்தப் பழைய கண்ணிக்குள்ளேயே புதுக் கண்ணியைப் போடுகிறது. முன்னால் பின்னிய வரிசையின் ஓரமும் பின்னால் பின்னிய வரிசையின் ஓரமும் அங்கே கோத்துக்கொள்கின்றன.

தையல் என்று நாம் நினைத்த சாய்ந்த கோடு இதுதான்: ஒவ்வோர் ஊசியும் நின்று திரும்பிய இடங்களின் வரிசை. கண்ணுக்கு அருகே வைத்து விரித்துப் பார்த்தால் சில சாக்ஸில் அந்தக் கோட்டை ஒட்டிப் பொடிப்பொடியாகத் துளைகள் தெரியும். தையல் நூல் தேடினால் கிடைக்காது.

84 ஊசியும் திரும்பியதும், புறங்கால் ஊசிகள் கீழே இறங்கி, சிலிண்டர் பழையபடி சுற்ற ஆரம்பிக்கிறது. பாதம் நீள்கிறது. விரல் நுனியில் இதேபோல் இன்னொரு பை. ஆனால் பெரும்பாலான மெஷின்களில் இந்தப் பை முடியும்போது விரல்களுக்கு மேலே ஒரு வாய் திறந்தே இருக்கும். அதைத்தான் மூட வேண்டும். ஆக, சாக்ஸில் உண்மையான தையல் என்று இருந்தால் அது விரலுக்கு மேலே இருப்பது மட்டும்தான். சில சாக்ஸில் ஷூ போட்டதும் அது உறுத்தும். கையால் பின்னுகிறவர்கள் ஊசியால் கண்ணிக்குக் கண்ணி கோத்து மேடு தெரியாமல் மூடும் முறைக்கு இங்கிலாந்தின் போர் மந்திரி கிச்சனர் பெயர் வழங்குகிறது. முதல் உலகப் போரில் பதுங்குகுழித் தண்ணீரில் நின்று படைவீரர்களின் கால்கள் அழுகின. சாக்ஸ் மூட்டை மூட்டையாகத் தேவைப்பட்டது. மேஜையில் பொருத்திக் கைப்பிடியால் சுற்றும் சின்ன வட்ட மெஷின்களில் பெண்கள் வீட்டிலிருந்தே பின்னி அனுப்பினார்கள். அதில் பிக்கர் கிடையாது, ஒவ்வோர் ஊசியையும் கையால்தான் தூக்கி இறக்க வேண்டும்.

பெண்களின் மெல்லிய காலுறை வேறு வழியில் போனது. அமெரிக்காவெங்கும் 1940 மே 15 அன்று நைலான் காலுறை விற்பனைக்கு வந்தபோது, அது காட்டன் மெஷினில் பின்னி, பின்னால் தைத்ததுதான். போர் வந்து நைலான் எல்லாம் பாராசூட்டுக்குப் போனதும், சில பெண்கள் வெறுங்காலில் புருவப் பென்சிலால் அந்தத் தையல் கோட்டை மட்டும் வரைந்துகொண்டு வெளியே போனார்கள். ஆனால் அந்தக் கோட்டுக்கு முடிவு கட்டியதும் நைலான்தான். இந்த இழைக்குச் சூட்டில் இளகி, ஆறியதும் அதே வடிவில் நின்றுவிடும் குணம் உண்டு. எனவே சுமார் 400 ஊசி மெஷினில் நேர்க்குழாயாகப் பின்னி, கால் வடிவ அலுமினிய அச்சில் மாட்டி நீராவி பிடித்தால் போதும். கெண்டைக்கால், கணுக்கால், குதிகால் எல்லாம் தானே அமைந்துவிடும். கண்ணியைக் குறைக்கவும் வேண்டாம், பை பின்னவும் வேண்டாம். 1960-களில் பின்தையல் காலுறை அநேகமாக வழக்கொழிந்தது.

பருத்திக்கு அந்தக் குணம் இல்லை. அச்சில் மாட்டி எவ்வளவு ஆவி பிடித்தாலும் ஒரு துவைப்பில் பழையபடி ஆகிவிடும். பருத்தி சாக்ஸுக்குக் குதிகாலைப் பின்னித்தான் ஆக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். சுற்றிக்கொண்டிருக்கும் சிலிண்டரை நிறுத்தி முன்னும் பின்னும் ஆட்டும்போது வேகம் விழுகிறது. அந்த நேரத்தை மிச்சப்படுத்திக் குதிகாலே இல்லாமல் வெறும் குழாயாகப் பின்னிய சாக்ஸும் கடையில் உண்டு. எந்தக் காலுக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்பார்கள். நடக்க நடக்க அது காலைச் சுற்றித் திரும்பிக்கொண்டு போகும். வாங்குவதற்கு முன் குதிகாலின் பக்கத்தில் அந்தச் சாய்ந்த கோடு இருக்கிறதா, எவ்வளவு நீளம் என்று பார்த்துவிடுங்கள். கோடு நீளமாக இருந்தால் பை ஆழமாக இருக்கும்.