பினாங்குப் பல்கலைக்கழகம்

பல்கலைக்கழகம் என்றதும், அது பட்டணத்துப் பிள்ளைகளுக்கே உரியது என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கதை அந்த எண்ணத்தை மாற்றும்.

தங்கள் மாநிலத்திற்கும் ஓர் உயர்கல்விக்கூடம் வேண்டுமென்று பினாங்குச் சட்டமன்றம் 1962-ஆம் ஆண்டில் தீர்மானம் நிறைவேற்றியது. 1969-இல், நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகம் அங்கே பிறந்தது. முதலில் சேர்ந்த மாணவர்கள் 57 பேர்தாம். சொந்தக் கட்டடமும் இல்லை. குளுகோரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் பாடம் நடந்தது. 1971-இல், பிரிட்டிஷ் படையினர் இருந்த மிண்டன் பாசறைக்கு அது குடிபெயர்ந்தது. சிப்பாய்கள் நடமாடிய மேட்டில் இன்று நூலகமும் ஆய்வுக்கூடங்களும் இருக்கின்றன. வெளியூர்ப் பிள்ளைகள் ‘தேசாசிஸ்வா’ என்னும் விடுதிகளில், பல இனத்தவரோடும் ஒன்றாகத் தங்கிப் படிக்கிறார்கள்.

அதே 1971-இல் இன்னொரு வழியும் பிறந்தது. வேலையை விடாமலே பட்டம் படிக்கத் தொலைக்கல்வித் திட்டம் தொடங்கியது. இந்நாட்டில் அதுவே முதல் முயற்சி.

ஆகவே, ஆறாம் படிவம் முடித்து, குடும்பத்துக்காக வேலைக்குப் போன பிள்ளையிடம், “உன் படிப்பு அவ்வளவுதான்” என்று சொல்லிவிடாதீர்கள். நுழைவுத் தகுதி என்ன, கட்டணம் எவ்வளவு, கடனுதவி உண்டா என்று விசாரியுங்கள். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய ஆசிரியர்களாகிய நாங்கள் துணையிருப்போம்.