ஐதராபாத் ஏரிகளில் ஆலாப் பறவை

நாகையிலும் தூத்துக்குடியிலும் பிறந்து ஐதராபாத்தில் குடியேறிய நம்மவர்க்கு இங்கே கிட்டாத பொருள் கடல் ஒன்றே எனலாம். காப்பி உண்டு, கோயில் உண்டு. கடலோ நேர்க்கோட்டில் அளந்தாலும் 250 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. ஆயினும் கடற்பறவைக் குலத்திற் பிறந்து நன்னீரைத் தன் வாழ்விடமாகக் கொண்ட ஒரு பறவையை இவ்வூர் ஏரிகளில் நாம் காண்கிறோம். அதுவே ஆற்று ஆலா.

அலகின் நுனி முதல் வாலின் நுனி வரை இதன் நீளம் 38 முதல் 46 சென்டிமீட்டர். நம் வீட்டுக் காக்கையின் நீளமும் 40 சென்டிமீட்டரை ஒட்டியதே. அதனால் இரண்டும் ஒரே பருமன் என்று கொள்ளலாகாது. ஆலாவின் நீளத்தில் பெரியதொரு பகுதி, தூக்கணாங்கயிறுபோல் இரண்டாய்ப் பிரிந்து நீளும் வாலுக்கே உரியது, உடலோ மெலிந்தது. பறவையின் அளவைச் சொல்லும்போது நீளத்தை மட்டும் சொல்வது எத்துணைப் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

முதுகும் சிறகும் சாம்பல் நிறம். அடிப்பகுதி வெண்மை சார்ந்தது. இனப்பெருக்கக் காலத்தில் நெற்றி முதல் பிடரி வரை கருந்தொப்பி அணிந்தாற்போல் இருக்கும். அலகு ஆழ்ந்த மஞ்சள், கால்கள் சிவப்பு. குளிர்காலத்தில் தொப்பி வெளுத்துப்போக, கண்ணருகே மட்டும் கருமை எஞ்சும். அலகின் நுனியும் கறுக்கும். ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒன்றே.

குளிர்காலத்தில் உள்நாட்டு நீர்நிலைகளுக்கு வரும் கடற்காகத்தோடு இதனை மயங்குவோர் உளர். கடற்காகம் தடித்த உடலினது. நீர்மேல் அமர்ந்து மிதக்கும். ஆலாவின் கால்கள் மிகச் சிறியவை. ஆதலின் அது நீந்துவதை விரும்புவதில்லை. குறுகி நீண்ட சிறகுகளால் நீருக்கு மேலே உலவி, அலகைக் கீழ்நோக்கித் தாழ்த்தி மீனைத் தேடும்; கண்டதும் தலைகீழாய்ப் பாயும். 1920-இல் மூசி ஆற்றின் குறுக்கே கட்டி முடிக்கப்பெற்ற உஸ்மான் சாகர் போன்ற அகன்ற நீர்ப்பரப்புகள் இவ்வேட்டைக்கு ஏற்றவை.

கூடு என்று தனியே கட்டுவதில்லை. கோடையில் நீர் வற்றி வெளிப்படும் மணல் திட்டில் சிறு குழி பறித்து, பெரும்பாலும் மூன்று முட்டைகள் இடும். கருநாடகத்தின் பத்ரா நீர்த்தேக்கத் தீவுகளில் இவை பெருங்கூட்டமாய்க் கூடி முட்டையிடுவதைக் காண மக்கள் படகேறிச் செல்கின்றனர். இத்தகைய திட்டுகளுக்குத்தான் இன்று இடர். அணையிலிருந்து திடீரெனத் திறக்கும் நீர் முட்டைகளை வாரிச் செல்கிறது. நாயும் காக்கையும் எஞ்சியவற்றைத் தின்கின்றன. மணல் அள்ளுவோர் திட்டையே கரைத்துவிடுகின்றனர். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டுள்ளது. மார்ச்சு முதல் மே வரை நீர்த்தேக்கத்தின் நடுவே வெற்று மணலாய்த் தோன்றும் திட்டில் நாம் கால் வைக்கும் முன் சற்றே நின்று நோக்க வேண்டும். மண்ணிறத்தில் பழுப்புப் புள்ளிகளோடு கிடக்கும் அம்முட்டைகள் எளிதில் கண்ணுக்குப் புலப்படா.