நீல நூல் எதற்கு?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிக்குள் நுழைந்தால் விசைத்தறிச் சத்தம் காதில் விழும். அங்கே பெரும்பாலும் நெய்வது வேட்டியும் சேலையும் அல்ல, பேண்டேஜ் துணியும் காஸ் துணியும். கொசுவலைக்கு அண்ணன், வேட்டிக்குத் தம்பி என்று சொல்லும்படியான சல்லாத் துணி. பரவலாகப் புழங்கும் ஒரு ரகத்தில் அங்குலத்துக்குப் பாவு நூல் 20, ஊடை நூல் 12, அவ்வளவுதான். இடைவெளி இருந்தால்தான் மடிப்புகளுக்கிடையே ரத்தம் இறங்கித் தங்கும்.

ஆனால் தறியிலிருந்து இறங்கும் காடா துணியை ரத்தத்தில் ஒற்றினால் ஒன்றும் ஆகாது. பருத்திக்கு இயற்கையிலேயே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. தண்ணீரை அது ஒட்டவிடாது. நெய்யும்போது அறுந்துபோகாமல் இருக்கப் பாவுக்குப் போட்ட கஞ்சி வேறு. அதனால் முதலில் கஞ்சியை நீக்குகிறார்கள். பிறகு காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து, அலசி அலசி எடுக்கிறார்கள். தேறியதா என்று பார்க்கும் சோதனை எளிமையானது: துணியைத் தண்ணீர்மேல் போட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும். அயோடின் பட்டு நீலமானால் கஞ்சி மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். பளீரென்று வெளுத்திருப்பதுதான் நல்ல காஸ் என்று நினைக்க வேண்டாம். சட்டைக்குப் போடும் பளபளப்பு ரசாயனம் இதில் சேரவே கூடாது. புற ஊதா விளக்கில் காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதுவரை எல்லா காஸும் ஒன்றுதான். எங்கே போகப்போகிறது என்பதைப் பொறுத்துத்தான் இனி அதன் பிழைப்பு. வெட்டிய துண்டை 8 மடிப்பு, 12 மடிப்பு என்று மடிக்கும்போது வெட்டு விளிம்புகளை உள்ளே தள்ளிவிடுவார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நூல் ஒன்று உதிர்ந்து வயிற்றுக்குள் தங்கினால், உடம்பு அதை அந்நியனாகப் பார்த்துச் சுற்றிலும் சதை வளர்த்துக்கொள்ளும்.

நூலுக்கே இந்தக் கதி என்றால், முழுத் துண்டு? ரத்தத்தில் ஊறிய காஸ் குடலுக்கு நடுவே கிடந்தால் சதை எது, துணி எது என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத்தான் அறுவை அரங்குக்குள் போகும் காஸில் பேரியம் சல்பேட் கலந்த நூல் ஒன்றைச் சேர்க்கிறார்கள். பெரும்பாலும் நீல நிறம். எக்ஸ்ரேயில் சாதாரணப் பருத்தி தெரியாது, இந்த நூல் வெள்ளைக் கோடாகத் தெரியும். வயிற்று அறுவைக்கு வரும் பெரிய துண்டை ‘மாப்’ என்பார்கள். வெதுவெதுப்பான சலைனில் நனைத்துப் பிழிந்துதான் அதைக் குடல்மேல் வைப்பார்கள். உலர்ந்த துணி குடலின் மேலுறையைச் சிராய்த்துவிடும். அதன் மூலையில் தைத்த நாடா வெளியே தொங்கும். அரங்கு நர்ஸ் தொடங்கும்போதும், தைத்து மூடுவதற்கு முன்பும் துண்டுகளை எண்ணுவார். எண்ணிக்கை எளிதாக இருக்கவே 5, 10 என்று கட்டுகளாக வருகின்றன.

நீல நூல் உள்ளதை வெளிக்காயத்துக்குக் கட்டக் கூடாது. பிறகு எக்ஸ்ரே எடுத்தால் அந்தக் கோடு உள்ளே இருக்கிறதா, மேலே கட்டியதா என்ற குழப்பம் வரும். கட்டுப்போடும் காஸ் நீல நூலில்லாமல் வெறுமையாக இருப்பது சிக்கனத்தால் மட்டுமல்ல.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். கிடுக்கியில் பிடித்துத் திசுக்களை விலக்க, வேர்க்கடலை அளவு உருட்டிய காஸ். அதன் பெயரே ‘பீநட்’. மூக்கிலும் புண் குழியிலும் அடைக்க நீள நாடா காஸ். தீப்புண்ணில் ஒட்டாமல் இருக்கப் பாரஃபின் தோய்த்த வலைத்துணி. இரண்டு காஸுக்கு நடுவே பஞ்சு வைத்தது கேம்ஜி பேட்; 1880இல் பர்மிங்ஹாம் மருத்துவர் ஜோசப் சாம்ப்சன் கேம்ஜி கொண்டுவந்தது. அந்த ஊரில் வளர்ந்த எழுத்தாளர் டோல்கீன் தன் கதையின் சாம் கேம்ஜிக்குப் பெயரெடுத்தது இந்தப் பஞ்சிலிருந்துதான். அவன் மணக்கும் பெண்ணின் பெயர் ரோஸி காட்டன்!

வீட்டில் காஸ் வைத்திருப்பவர்களுக்கு: உறை கிழிந்தாலோ நனைந்தாலோ அது ஸ்டெரைல் அல்ல. புண்ணில் ஒட்டிக்கொண்ட காஸைப் பிய்க்காதீர்கள். சலைன் ஊற்றி ஊறவிட்டு மெதுவாக எடுங்கள்.