கல்லூரி நாளிலேயே தொடங்கும் கடன் வரலாறு

பெங்களூரு அல்சூர் ஏரியைச் சூழ்ந்த தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. அங்கிருந்து கல்விக் கடன் கோரி வரும் மாணவர்களுள் பலர், தவணை கட்டத் தொடங்கும்போதுதான் தம் கடன் வரலாறும் தொடங்கும் என எண்ணுகின்றனர். உண்மையில், கடன் வழங்கப்பட்டதுமே அது சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டில் இடம்பெறுகிறது. 300 முதல் 900 வரையிலான கடன் மதிப்பெண்ணுக்கு அதுவே தொடக்கம்.

கல்விக் கடனுக்குப் பொதுவாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை விடுப்பு உண்டு. வேலை கிடைக்காவிடினும் அவ்விடுப்பு குறித்த நாளில் முடிந்துவிடும். அதன்பின் தவணை தவறினால், மாணவரின் மதிப்பெண்ணோடு, இணைக் கடனாளியாகக் கையொப்பமிட்ட பெற்றோரின் மதிப்பெண்ணும் குறையும். தங்கையின் படிப்புக்குக் கடன் கேட்கும் நாளில் அக்குறை தடையாக நிற்கக்கூடும்.

ஆகவே, படிக்கும்போதே இயன்றவரை வட்டியைச் செலுத்திவருதல் நன்று. பின்னாளில் தவணைச் சுமை குறையும். 18 வயது நிறைந்தோர் வைப்புத்தொகையின் பேரில் கடன் அட்டை பெறலாம். அதன் வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் செலவிட்டு, நிலுவை முழுவதையும் கெடுவுக்குள் செலுத்துக.

ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கொருமுறை முழு அறிக்கையை இலவசமாக வழங்க வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் விதி. அதனைத் தாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. பிழையிருப்பின் திருத்தக் கோரலாம்.

வேலை தாமதமானால், முதல் தவணை நாளுக்கு முன்னரே எம் கிளையை அணுகுமாறு வேண்டுகிறோம். தவணை தவறுமுன் வருவோர்க்கு வழிகாட்டுதல் எமக்கும் எளிது.