அரும்பாவூர் தலைவரும் அமெரிக்க அதிபரும்

பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் அரும்பாவூரை வெளியூர்க்காரர்கள் மரச்சிற்பத்தால் அறிவார்கள். நிர்வாகக் கணக்கில் அது ஒரு பேரூராட்சி. 2022 பிப்ரவரி 19 அன்று அங்கே வாக்குச்சாவடிக்குப் போனவர் ஒரே ஒரு பொத்தானைத்தான் அழுத்தினார், தன் வார்டு உறுப்பினருக்காக. தலைவர் யார் என்பதை மார்ச் 4 அன்று உறுப்பினர்கள் மன்றத்துக்குள் கூடி முடிவு செய்துகொண்டார்கள். பக்கத்துக் கிராம ஊராட்சிக்காரரோ 2019 டிசம்பரில் நான்கு சீட்டுகளில் முத்திரை குத்தினார். அதில் இளஞ்சிவப்புச் சீட்டு ஊராட்சித் தலைவருக்கானது. கிராமத்தில் இருந்தால் தலைவரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், ஊர் கொஞ்சம் வளர்ந்து பேரூராட்சி ஆகிவிட்டால் கூடாது! விசித்திரமான நியாயம்தான்.

மறைமுகத் தேர்தல் என்றாலே மோசடி என்று முடிவு கட்டுவதற்கு முன் அமெரிக்காவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கே அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலவாரியாக 538 தேர்வாளர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 270 பேரின் வாக்கைப் பெறுபவர் அதிபர். இரண்டு மாநிலங்கள் தவிர மற்ற எல்லாவற்றிலும், ஒரு வாக்கு கூடுதலாக வாங்கிய கட்சிக்கே அந்த மாநிலத்தின் மொத்தத் தேர்வாளர்களும் போய்விடுவார்கள். 2000-இல் ஃப்ளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசம் ஜார்ஜ் புஷ்ஷை அதிபராக்கியது. நம் பேரூராட்சி ஒன்றில் வரக்கூடிய வித்தியாசம் அது. 2016-இல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுவதும் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைக் கூடுதலாகப் பெற்றும் டிரம்ப்பிடம் தோற்றார். குறையுள்ள முறைதான், சந்தேகமில்லை. ஆனாலும் அங்கே வாக்குச்சீட்டில் அதிபர் வேட்பாளரின் பெயர் இருக்கிறது. தேர்வாளர்கள் சுயமாக யோசித்து அதிபரைத் தேர்வு செய்வார்கள் என்பதே அரசியல் சாசனம் எழுதியவர்களின் எண்ணம். கட்சிகள் வளர வளர, தேர்வாளர் தன் கட்சி வேட்பாளருக்கே வாக்களிப்பது வழக்கமானது. வாக்கு மாறுபவரை மாநிலங்கள் தண்டிக்கலாம் என்று 2020-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது.

அப்படி ஒரு வழக்கம் வேர்பிடிக்க, விதி ஒரே இடத்தில் நின்றிருக்க வேண்டும். அமெரிக்க சாசனத்தைத் திருத்த இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், பிறகு 38 மாநிலங்களின் ஒப்புதலும் தேவை. நம் அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாநிலச் சட்டமன்றத்திடம் விட்டுவிட்டது. விளைவு தெரிந்ததே. 1996-இலும் 2001-இலும் நேரடித் தேர்தல். சென்னை மேயராக மு.க. ஸ்டாலின் வந்தது அப்படித்தான். 2006-இல் தி.மு.க. ஆட்சி அதை மறைமுகமாக்கியது. 2011-இல் அ.தி.மு.க. ஆட்சி மீண்டும் நேரடியாக்கியது. 2016-இல் அதே கட்சி மேயர் பதவிக்கு மறைமுகம் என்றது, 2018-இல் நேரடி என்றது, 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மேயர் முதல் பேரூராட்சித் தலைவர் வரை எல்லாமே மறைமுகம் என்றது. இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று இதில் பேதமே இல்லை. அடுத்த முறை என்ன விதி என்று தெரியாத ஊரில், இவர்தான் எங்கள் தலைவர் வேட்பாளர் என்று முன்கூட்டியே அறிவிக்கும் பழக்கம் எங்கிருந்து வரும்?

பிரதமரையும் முதல்வரையும் கூட உறுப்பினர்கள்தானே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேட்கலாம். சரிதான், ஆனால் அங்கே பெரும்பாலும் யாருக்காக வாக்குக் கேட்கிறார்கள் என்பது சுவரொட்டியிலேயே தெரிந்துவிடும். 2022-இல் நடந்ததோ வேறு. வாக்குகளை எண்ணி முடித்த பிறகே தி.மு.க.வின் கூட்டணிக் கட்சிகளுக்குத் தலைவர் பதவிகள் பங்கிடப்பட்டன. அதை மீறிச் சில ஊர்களில் தி.மு.க.வினரே போட்டியிட்டு வென்றதால், பதவி விலகுமாறு முதல்வர் ஸ்டாலின் அறிவிக்க நேர்ந்தது. வாக்களித்தவர்கள் இதையெல்லாம் வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். இன்னொரு ஆட்சேபம் கனமானது: நேரடியாக வென்ற தலைவரும் எதிரணி மன்றமும் மோதினால் தெருவிளக்குகூட எரியாது. உண்மைதான். சபையைச் சாராமல் தேர்வாகும் அமெரிக்க அதிபருக்கும் இது நேர்ந்தது: 2013 அக்டோபரில் அதிபர் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எதிர்த்து, குடியரசுக் கட்சி வசமிருந்த பிரதிநிதிகள் சபை மல்லுக்கட்டியதில் அமெரிக்க அரசின் பல அலுவலகங்கள் 16 நாள் மூடிக்கிடந்தன. ஆகவே நேரடி முறைதான் சரி என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஏதாவது ஒன்றைத் தேர்ந்து, குறைந்தது மூன்று தேர்தலுக்காவது அதைத் தொடாமல் விடுங்கள் என்கிறேன்.

2022-இல் அமைந்த மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த முறை வார்டுக்கு வாக்குக் கேட்டு வருபவரிடம், குடிநீர்க் குழாயைப் பற்றிக் கேட்பதற்கு முன், “மன்றத்தில் நீங்கள் யாரைத் தலைவராக்குவீர்கள்?” என்று கேளுங்கள்.